ஒரு நாள் லீவு, கையில 150 திர்ஹம்: டுபாய்ல இருந்து எங்க போறது?

நவம்பர் பொறந்து அங்க வெயில் கொஞ்சம் அடங்கினதும் எனக்கு வட்சப்ல வொய்ஸ் மெசேஜ் வர ஆரம்பிச்சிரும். சித்தப்பா மக, பக்கத்து டிவிஷன் பொடியன், கூட படிச்சவளோட தங்கச்சி, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அக்கா, இந்த ஞாயித்துக்கெழம லீவு கெடச்சிருக்கு, ஹத்தாவுக்கு போகவா, அல் ஐனுக்கு போகவா, இல்லாட்டி மணல் சஃபாரி புக் பண்ணவா?" நான் டுபாய்ல தேரா பக்கம் ஒரு ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங்ல ஏழு வருசம் இருந்துட்டு இப்ப இலங்கைல தலவாக்கலைக்கே திரும்பி வந்துட்டேன், ஊர்ல எனக்கு பேரே டுபாய் அக்கா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்ட காஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன், இனி கேக்குறவங்களுக்கு இத அனுப்பிட்டு நான் என் வேலைய பாக்கலாம்.

மொதல்ல ஒன்னு சொல்லிர்றேன். டுபாய சுத்தி என்ன பாக்கலாம்னு எழுதுறவங்க எல்லாம் மலையே காணாத ஆளுங்களுக்குத்தான் எழுதுறாங்க. மலை இருக்கு, குளிர் இருக்கு, அணக்கட்டு இருக்கு, வளஞ்சு வளஞ்சு போற ரோட்டு இருக்குன்னு ஆச காட்டுவாங்க. நமக்கு தோட்டத்து லயத்து வீட்டு கதவ தொறந்தாலே மலை. அணக்கட்டுன்னா காசல்ரீயும் மவுசாகலையும் பாத்த கண்ணு. அதனால அவங்க போடுற நம்பர் வன், நம்பர் டூ வரிச நமக்கு அப்பிடியே தலகீழா மாறும். நம்மகிட்ட இல்லாதது மணலும் பேரீச்சந்தோப்பும், மொத லீவ அதுக்கு செலவழிங்கங்கிறதுதான் என் கட்சி. ஊர் ஞாபகம் வந்து நெஞ்ச அடைக்குதா, அப்ப மலைக்கு போங்க, அது வேற கணக்கு, கீழ வருது.

## எத வச்சு முடிவெடுக்கிறது

போறது எப்பிடின்னு எல்லாரும் பாக்குறாங்க, வர்றது எப்பிடின்னு யாரும் பாக்குறதில்ல. இதுதான் மொத அளவுகோல். டுபாய்க்கு வெளியில போயிட்டா டாக்ஸி கையக் காட்டினா நிக்காது, கடைசி பஸ்ஸ விட்டா அந்த ஒரு நாள் சந்தோசம் அப்பிடியே திரும்பி நம்ம மேலயே பாயும். மறுநாள் காலம ஆறு மணி ஷிஃப்ட் இருக்கிறவங்க இத மொதல்ல பாருங்க.

ரெண்டாவது, டிக்கட் வெல இல்ல, மொத்த செலவு. ரூம்ல இருந்து கெளம்பி திரும்பி ரூமுக்கு வந்து சேர்ற வரைக்கும் எவ்வளவு போகும்னு பாருங்க. திர்ஹம் ஒன்னுக்கு நம்ம காசு 80 ரூபாய் சுத்தி வருது, அங்க 50 திர்ஹம்ங்கிறது ஊர்ல நாலாயிரம் ரூபாய், வீட்டுக்கு அனுப்புற காசுல இருந்துதான் அது போகுது.

மூனாவது லைசன்ஸ். நம்ம இலங்க லைசன்ஸ வச்சிக்கிட்டு அங்க வேல விசால இருக்கிறவங்க வண்டி ஓட்ட ஏலாது, அந்த நாட்டு லைசன்ஸ் வேணும். கூட்டத்துல ஒருத்தர்கிட்டயாவது அது இருந்தா உங்களுக்கு கதவு நெறைய தொறக்கும், இல்லன்னா பஸ்ஸு போற எடம் மட்டும்தான்.

அப்புறம் மாசம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நாப்பத தாண்டி அடிக்கிற வெயில்ல இந்த லிஸ்ட்ல எதுவுமே பகல்ல வேணாம், ரூம்ல ஏசில படுத்து தூங்குங்க. கடைசியா கூட யாரு வர்றாங்கன்னு பாருங்க. நீங்க தனியா போறதுக்கும், விசிட் விசால வந்த அம்மாவ கூட்டிக்கிட்டு போறதுக்கும் ஒரே எடம் சரிவராது.

அவசரக்காரங்களுக்கு இந்த அட்டவண. பொறுமை இருக்கிறவங்க கீழ வாசிங்க, விசயமே அங்கதான் இருக்கு.

| எடம் | டுபாய்ல இருந்து தூரம் | பஸ்ல போகலாமா | எதிர்பாக்காத செலவு | யாருக்கு சரி |
|---|---|---|---|---|
| அல் ஐன் | 140 கிலோமீட்டர் சுத்தி | போகலாம், நேரா பஸ் | மலைக்கு ஏற டாக்ஸி, உள்ளூர் பஸ்ஸுக்கு வேற கார்ட் | தனியா போறவங்க, அம்மா அப்பா |
| லஹ்பாப் மணல், சஃபாரி | 50 கிலோமீட்டர் சுத்தி | வேணாம், வந்து ஏத்துவாங்க | குவாட் பைக், போட்டோ, சோஃபா சீட் | அரை நாள் லீவுக்காரங்க, கூட்டமா போறவங்க |
| ஜெபல் ஜைஸ் | 160 கிலோமீட்டர் சுத்தி | நம்பி போக ஏலாது | கார் டெப்போசிட், பெற்றோல், சாலிக் (ரோட்டுக்கு கட்டுற டோல்) | லைசன்ஸ் உள்ள கூட்டம் |
| ஹத்தா | 130 கிலோமீட்டர் சுத்தி | போகலாம், நேரா பஸ் | கயாக், உள்ள சுத்துற பஸ் | அங்கேயே பொறந்த பிள்ளைங்க உள்ள குடும்பம் |

## அல் ஐன்

என்னைய கேட்டா மொத லீவுக்கு இதுதான். அல் குபைபா பஸ் ஸ்டேஷன்ல இருந்து ஈ 201 பஸ், நான் இருந்தப்ப ஒரு பக்கத்துக்கு 25 திர்ஹம், ரெண்டு மணித்தியாலம் போல ஓடும். ஏசி பஸ், சீட்டு நல்லா இருக்கும், தலவாக்கலைல இருந்து ஹட்டனுக்கு நின்னுக்கிட்டே போன நமக்கு அது சொர்க்கம். நோல் கார்ட்ல, அதான் டுபாய் பஸ்ஸுக்கு தட்டுற கார்ட்ல, போக வர ரெண்டுக்கும் சேத்து காசு போட்டுட்டு ஏறுங்க, வரும்போது போட்டுக்கலாம்னு நெனச்சு போய் அங்க மெஷின் தேடி அலஞ்சவங்கள எனக்கு தெரியும். இன்னொன்னு, அல் ஐன் அபுதாபிக்கு சேந்த டவுன், உள்ளூர் பஸ்ல நம்ம நோல் கார்ட் செல்லாது, அதுக்கு ஹஃபிலாத் கார்ட்னு வேற ஒன்னு வேணும். ஒரு நாளுக்காக அத வாங்குறத விட நடங்க, பஸ் ஸ்டேஷன்ல இருந்து தோப்பு நட தூரம்தான்.

தோப்புன்னா ஒரு ரெண்டு ஏக்கர்னு நெனைக்காதீங்க. 147,000 பேரீச்ச மரம், டவுனுக்கு நடுவுல. உள்ள போக காசு இல்ல. அந்த ஊர சுத்தி இருக்கிற பழைய எடங்களையும் இந்த மாதிரி தோப்புகளையும் சேத்து 2011ல யுனெஸ்கோ உலக மரபுரிமைல போட்டுட்டாங்க. உள்ள நொழஞ்ச ஒடனே ஏதோ கதவ சாத்தின மாதிரி ரோட்டு சத்தம் நின்னு போகும், வெயிலும் நெழலும் கலந்து விழும், ரெண்டு பக்கமும் மண் நெறத்துல குட்டை மதில், நடுவுல நடக்குற பாத.

எங்க அம்மா ஒரு டிசம்பர்ல விசிட்ல வந்தாங்க. முப்பது வருசம் தேயில கொழுந்து எடுத்தவங்க, கட்டடம் காட்டினா "ம்ம்"னு சொல்லிட்டு அடுத்த பக்கம் பாப்பாங்க, உலகத்துலயே ஒசந்த புர்ஜ் கலீஃபாவுக்கு கீழ நின்னுக்கிட்டு "காத்தே இல்லையே"ன்னாங்க. அவங்கள அல் ஐன் தோப்புக்கு கூட்டிக்கிட்டு போனேன். அங்க ஃபலஜ்னு சொல்ற வாய்க்கா ஓடுது, ஒரு முழ அகலம்தான் இருக்கும், மலையடில இருக்கிற ஊத்துத் தண்ணிய பூமிக்கு கீழயே கொண்டுவந்து தோப்புக்குள்ள விட்டிருக்காங்க. ஒவ்வொரு தோட்டத் துண்டுக்கும் மதில்ல சின்ன வாய் ஒன்னு இருக்கு, அத கல்லும் துணியும் வச்சு அடச்சிருப்பாங்க, முற வந்ததும் அத எடுத்து விட்டா தண்ணி அந்தப் பக்கம் திரும்பும், நேரம் முடிஞ்சதும் திரும்ப அடச்சிருவாங்க. கடிகாரம் வராத காலத்துல பகல்ல நெழல அளந்தும் ராத்திரில நட்சத்திரம் பாத்தும் முற பிரிச்சிருக்காங்க. அம்மா குந்தி ஒக்காந்து தண்ணில கைய வச்சுக்கிட்டு, "இது நம்ம பீலி மாதிரிதான்டி, முற வச்சு புடிக்கிறாங்க, ஆனா சண்ட இல்ல"ன்னாங்க. காலம அஞ்சு மணிக்கு பீலிக்கு, அதான் லயத்துக்கே பொதுவா தண்ணி விழுற எடத்துக்கு, முன்னால வாளிய வரிசையா வச்சு, அத யாரோ தள்ளி வச்சதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்த லயத்துக்காரங்க நாங்க. அம்மா அந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல.

அல் ஐன்ங்கிற பேருக்கு அரபில ஊத்துன்னும் கண்ணுன்னும் ரெண்டு அர்த்தம். நம்மளும் ஊத்துக்கண்ணுன்னுதான சொல்றோம். இத ஒரு பாகிஸ்தான் டாக்ஸிக்கார அண்ணன் சொன்னப்ப எனக்கு ஏதோ சொந்தக்காரங்கள கண்ட மாதிரி இருந்துச்சு.

தோப்ப விட்டு வெளிய வந்தா 1890கள்ல கட்டின அல் ஜாஹிலி கோட்ட இருக்கு, மண் கோட்டதான், ஆனா உள்ள குளுகுளுன்னு இருக்கும், பாத்துட்டு வாங்க. அடுத்தது ஜெபல் ஹஃபீத் மலை. 1,249 மீட்டர், அதாவது நம்ம ஹட்டன் டவுன் ஒசரம். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் ரோட்டு, 60 வளைவுன்னு பெருசா சொல்லுவாங்க, றம்பொடை ஏறி எறங்கினவங்களுக்கு அது வளைவே இல்ல, அவ்வளவு அகலம். மேல போக டாக்ஸிதான் வழி. போற டாக்ஸிய அனுப்பிட்டா எறங்க வண்டி கெடைக்காது, அதனால நிக்கச் சொல்லி, நிக்கிற நேரத்துக்கும் சேத்து மொதல்லயே வெல பேசிருங்க. இந்த செலவுதான் 60 திர்ஹம்ல முடிய வேண்டிய ட்ரிப்ப 150க்கு மேல கொண்டு போறது. மூனு பேரா இருந்தா ஏறுங்க, தனியா இருந்தா விட்டுருங்க, ஹட்டன் ஒசரம் ஏறி ஒரு பச்ச எலை இல்லாத கல்லுப் பாறைய பாக்குறதுக்கு அந்த காசுக்கு தோப்புக்குள்ள இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கலாம்.

கொறன்னு சொன்னா, ஆர்ப்பாட்டமான ஆளுங்களுக்கு போரடிக்கும். ஒரு தடவ ரூம்ல கூட இருந்த கேரளாப் பிள்ளைய கூட்டிக்கிட்டு போனேன், பத்து நிமிசத்துல போட்டோ எடுத்து முடிச்சிட்டு "சேச்சி, இனி என்ன"ன்னு கேட்டா.

## மணல், சஃபாரி

இதுக்குத்தான் ஏமாத்து ஜாஸ்தி, அதனால கொஞ்சம் வெலாவாரியா சொல்றேன்.

லஹ்பாப் பக்கம் இருக்கிற மணல் சிவப்பு மணல். இரும்புச் சத்து இருக்கிறதால அந்த நெறம், கையில அள்ளிப் பாத்தா சலிச்ச குரக்கன் மா மாதிரி, அவ்வளவு மெல்லிசு, வெரலுக்கு நடுவுல நிக்காது. பகல் வெயில்ல மேல சுடும், நாலு வெரல்கட தோண்டினா உள்ள குளுந்து கெடக்கும். வண்டி மணலுக்குள்ள போறதுக்கு முன்னால ட்ரைவர் எறங்கி நாலு டயர்லயும் காத்த எறக்குவாரு, ஸ்ஸ்னு சத்தம் கேக்கும், டயரு பரந்து படிஞ்சாத்தான் மணல்ல புதையாது. அதுக்கப்புறம் ஒரு இருவது முப்பது நிமிசம் மேட்டுல ஏத்தி பக்கவாட்டுல வழுக்கி எறக்குவாங்க. கொழுந்து லொறில பின்னால நின்னு தோட்டம் பூரா சுத்தின பொடியன்களே இதுல வாந்தி எடுத்திருக்காங்க, பகல் பிரியாணிய சாப்பிட்டுட்டு போனதுதான் காரணம். அன்னைக்கு மதியம் ரெண்டு பணிஸும் ஒரு தேத்தண்ணியும் போதும்.

முதுகு வலி, இருதய வருத்தம், வயித்துல பிள்ள இருக்கிறவங்க இந்த மணல் ஓட்டத்துக்கு ஏறவே கூடாது. அம்மா அப்பாவ கூட்டிக்கிட்டு போறதுன்னா புக் பண்ணும்போதே ஓட்டம் வேணாம், நேரா கேம்ப்புக்கு கொண்டு விடுங்கன்னு சொல்லலாம், நெறைய பேரு ஒத்துக்குவாங்க.

வெலைக்கு வருவோம். ரோட்டோரத்துல கார்ட் நீட்டுறவன் ஒரு வெல சொல்லுவான், ஒன்லைன்ல வேற வெல, ஹோட்டல் கவுண்டர்ல அதுக்கும் மேல, போற எடமும் சாப்பாடும் பெரும்பாலும் ஒன்னுதான். வித்தியாசம் வண்டில எத்தன பேர ஏத்துறாங்க, எத்தன மணிக்கு ஏத்துறாங்கங்கிறதுல இருக்கு. நான் மொத தடவ போனப்ப ஒரு ஏஜன்ட்கிட்ட காச கையில குடுத்தேன், எல்லாம் சேத்துதான்னு சொன்னான், மூனு மணிக்கு வர்ற வண்டி நாலர மணிக்கு வந்துச்சு, அதுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு ஹோட்டல்ல ஆள் ஏத்தினாங்க. டிசம்பர்ல அங்க அஞ்சர மணிக்கே பொழுது எறங்கிரும். நாங்க மணலுக்கு போய்ச் சேந்தப்ப சூரியன் இல்ல, இருட்டுல மணலும் ஒன்னுதான் மாவலி ஆத்து மேடும் ஒன்னுதான். அதனால குளிர் காலத்துல புக் பண்ணினா ரெண்டு, ரெண்டரைக்கெல்லாம் ஏத்துவீங்களான்னு மெசேஜ்ல எழுத்துல வாங்கி வச்சிக்கோங்க, காச பாதிக்கு மேல முன்னுக்கு குடுக்காதீங்க.

கேம்ப்புல பாய், குஷன், தந்தூரி, சுத்தி சுத்தி ஆடுற தனூரா டான்ஸ், மருதாணி எல்லாம் இருக்கும். காசு கேக்குறது குவாட் பைக்குக்கு, கையில கழுகு மாதிரி ஒன்ன ஒக்கார வச்சு எடுக்கிற போட்டோவுக்கு, நல்ல எடத்துல ஒக்கார்றதுக்கு. ஒட்டகத்துல ஒரு சின்ன ரவுண்டு சும்மா ஏத்துவாங்க, எந்திரிக்கும்போது பின்னங்கால மொதல்ல தூக்கும், முன்னால கவுந்துருவோம், கெட்டியா புடிச்சிக்கோங்க. ரமழான் மாசத்துல ஆட்டம் பாட்டு இருக்காது, அமைதி புடிச்சவங்களுக்கு அதுவே நல்ல நேரம்.

ராத்திரி ஒம்பது மணி போல ரூமுக்கு கொண்டுவந்து விட்டுருவாங்க. திரும்பி வர்ற தலவலியே இல்லாத ஒரே ட்ரிப் இதுதான். அரை நாள் லீவு உள்ளவங்க, தனியா போகத் தயங்குற பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு மூனு பேரா சேந்து போறதுக்கு இது நல்லது. காதுக்குள்ள மணல் மட்டும் ரெண்டு நாளைக்கு இருக்கும்.

ஆர்ப்பாட்டமே வேணாம், மணல மட்டும் பாத்தா போதும்னா அல் குத்ரா இருக்கு, பாலைவனத்துக்கு நடுவுல மனுசன் வெட்டின குளங்க, குளிர் காலத்துல ஃப்ளமிங்கோ வரும், உள்ள போக காசில்ல. ஆனா பஸ் இல்ல, டாக்ஸில போனா திரும்ப வண்டி வரவைக்கிறது பெரும்பாடு. கார் உள்ள கூட்டாளி இருந்தா ஒரு சாயங்காலம் ரொட்டியும் கட்டுச் சம்பலும் கட்டிக்கிட்டு போய் ஒக்காந்துட்டு வாங்க, கழிவெல்லாம் திரும்ப கையோட கொண்டுவந்துரணும்.

## ஜெபல் ஜைஸ்

ராஸ் அல் கைமால இருக்கு. 1,934 மீட்டர்னு சொல்லுவாங்க, அந்த நாட்டுக்கே ஒசந்த மலை. நம்ம கணக்குல பாத்தா நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891. அதாவது அந்த நாட்டுல உச்சின்னு சொல்றது நமக்கு ரயில்ல ஒக்காந்துக்கிட்டே கடலை சாப்பிட்டுட்டு போற ஒசரம். பீதுருதாலகால மலை 2,524, அதோட ஒப்பிட்டா கோவம் வரும்.

எங்க அம்மாவுக்கு வந்துச்சு. காருக்குள்ள ரெண்டு மணித்தியாலம் ஒக்காந்து வந்து, எறங்கி சுத்திமுத்தி பாத்துட்டு, "இந்த மலையில ஒரு கொழுந்து கூட இல்ல, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ரோட்டு"ன்னாங்க. எங்க தோட்டத்துல பிரசவ வலி வந்தவள ஏத்திக்கிட்டு போற ரோட்ட தெரிஞ்சவங்களுக்கு அந்த கேள்வி நியாயமானதுதான்.

ஆனா நான் அந்த எடத்துக்கு நாலு தடவ போயிருக்கேன். மொத ரெண்டு வருசம் ஊருக்கு வர லீவு கெடைக்கல. ஒரு ஜனவரில கூட வேல செஞ்சவங்க கார் எடுத்து போனாங்க, மேல ஏற ஏற வண்டி ஜன்னல எறக்கினேன், காத்து மாறுச்சு. கீழ இருக்கிறத விட பத்து டிகிரி வரைக்கும் கொறயும். மேல எறங்கினதும் ஸ்வெட்டர் போட வேண்டி வந்துச்சு, அந்த நாட்டுல மொத தடவையா. மூக்கு நுனி குளுந்து போய், ரெண்டு கையையும் பேப்பர் கப்ப சுத்தி வச்சுக்கிட்டு கரக் டீ குடிச்சேன், நம்ம டீ மாதிரி இல்ல, ஏலக்கா போட்டு பால கொதிக்க வச்சு தித்திப்பா இருக்கும், ஆனா ஆவி மொகத்துல அடிச்சப்ப எனக்கு லயத்து அடுப்படில நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அங்க எப்பவாவது ஐஸ் கூட கட்டும், 2017 பெப்ரவரில பூச்சியத்துக்கு கீழ 2.2 வரைக்கும் எறங்கியிருக்கு, நுவரெலியால கொழுந்து கருகுற பனி மாதிரி. ஊர் ஏக்கத்துக்கு போறதுன்னா ஜைஸ் மாதிரி மருந்து இல்ல. வேற எதுக்கும் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன். 2.83 கிலோமீட்டர் கம்பில தொங்கிக்கிட்டு பறக்குற சிப்லைன் 2018ல இருந்து இருக்கு, உலகத்துலயே நீளமானதுன்னு கின்னஸ்ல போட்டாங்க, அதுக்கு கேக்குற காசுக்கு நான் ஊருக்கு ஒரு பெட்டி சாமான் அனுப்புவேன்.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, பஸ் மாறி மாறி போகலாம்னு சொல்றவங்கள நம்பாதீங்க, ஒரு நாள் லீவுக்கு அது சரிவராது. கார்தான். வாடக கார் எடுத்தா நாள் வாடகைய விட டெப்போசிட்தான் கழுத்த புடிக்கும், ஸ்பீட் கேமரா ஃபைன் ஏதாவது வருதான்னு பாத்துட்டு வாரக்கணக்குல கழிச்சுத்தான் திருப்பி குடுப்பாங்க. சாலிக் கேட்டுக்கு காசு, பெற்றோலுக்கு காசு. நாலு பேரா பிரிச்சா தாங்கும், ரெண்டு பேருன்னா வேணாம். கார் லிஃப்ட்னு தனியாள் வண்டில போறவங்க நெறைய, அது சட்டத்துக்கு புறம்பானது, புடிச்சா ட்ரைவருக்கு பெரிய ஃபைன். எங்கள ஒருத்தர் அப்பிடி ஏத்திக்கிட்டு போய் மலை மேல வச்சு, கீழ எறங்க இன்னும் 100 திர்ஹம் வேணும்னாரு. அங்க நின்னுக்கிட்டு என்ன பேரம் பேசுறது, குடுத்தோம்.

## ஹத்தா

டுபாய்க்கே சொந்தமான மலை ஊரு, ஆனா தனியா ஒதுங்கி ஓமான் எல்லைல கெடக்கு. டுபாய் மால் பஸ் ஸ்டேஷன்ல இருந்து ஹத்தா எக்ஸ்பிரஸ்னு நேரா பஸ் போகுது, அதுவும் 25 திர்ஹம். உள்ள போனா ஏறி எறங்குற சின்ன பஸ் ஒன்னு எல்லா எடத்தையும் சுத்தும், அதுக்கு தனிக் காசு, ரொம்ப இல்ல. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒன்னுதான் எக்ஸ்பிரஸ் பஸ்ஸுங்கிறதால போன ஒடனே திரும்புற நேரத்த போன்ல போட்டோ புடிச்சு வச்சிக்கோங்க.

அங்க எல்லாரும் பாக்குறது அணக்கட்டு. தண்ணி பச்சையும் நீலமுமா, சுத்திவர காஞ்ச பழுப்பு மலை, கயாக்ல போகலாம், அது தனிக் காசு. அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நோர்வூட் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் அத பாத்துட்டு "அக்கா, நம்ம காசல்ரீல தேயிலைய புடுங்கிட்டா இதுதானே"ன்னான், அதுக்கப்புறம் எனக்கு அத வேற மாதிரி பாக்க வரல்ல. அங்கேயே பொறந்து வளந்து மலையையே காணாத பிள்ளைங்கள வச்சிருக்கிற நம்ம குடும்பங்களுக்கு இது நல்ல எடம், "தாத்தா ஊரு இப்பிடித்தான் இருக்கும், இன்னும் பச்சையா"ன்னு காட்டலாம்.

மழ மேகம் இருந்தா போகாதீங்க, நான் வெளையாட்டுக்கு சொல்லல. அந்த மலைல மண் இல்ல, மரம் இல்ல, மழ பெஞ்சா தண்ணி நிக்காம அப்பிடியே வாதில பாஞ்சு வரும், வாதின்னா காஞ்சு கெடக்குற ஆத்துப் பள்ளம். மண்சரிவ பாத்தவங்க நம்ம, நமக்கு சொல்லத் தேவையில்ல. 2023ல இருந்து மழ நேரத்துல வாதிகிட்ட கூட்டமா வேடிக்க பாத்தாலே 1,000 திர்ஹம் ஃபைன், வெள்ளம் ஓடுற வாதிக்குள்ள வண்டிய எறக்கினா 2,000 திர்ஹமோட வண்டியையும் 60 நாளைக்கு புடிச்சு வச்சிருவாங்க. 2024 ஏப்ரல்ல அல் ஐன் பக்கம் ஒரு எடத்துல ஒரே நாளுக்குள்ள 254 மில்லிமீட்டர் கொட்டியிருக்கு, பாலைவனம்னு அசட்டையா இருக்க ஏலாது.

## மத்ததெல்லாம்

கோர்ஃபக்கான், ஃபுஜைரா பக்கம் கடலும் மலையும் ஒட்டி இருக்கும். ஃபுஜைராவுக்கு டுபாய் யூனியன் பஸ் ஸ்டேஷன்ல இருந்து பஸ் இருக்கு, ஆனா அங்க எறங்கி ஒவ்வொரு எடத்துக்கும் டாக்ஸி புடிச்சே காசு கரஞ்சிரும். கடல் பாக்கணும்னா டுபாய்லயே அல் மம்சார் இருக்கு. கார் இருந்தா மட்டும் ஷார்ஜால இருந்து மலைய கொடஞ்சு போட்ட புது ரோட்டுல போய் வாங்க, 2019ல தொறந்தது, அந்த சுரங்கப் பாத ஒன்னு ஒன்னும் நம்ம ரயில் சுரங்கத்த பாத்தவங்களையே வாயப் பொளக்க வைக்கும்.

முசந்தம்னு கப்பல் ட்ரிப் ஒன்னு காட்டுவாங்க, வெலயும் மலிவு மாதிரி தெரியும். அது ஓமான். நாட்ட விட்டு வெளிய போய் உள்ள வர்ற கத அது. ஒருக்கா மட்டும் உள்ள வர்ற விசிட் விசால இருக்கிறவங்க வெளிய போனா திரும்ப வர புது விசா வேணும். வேல விசா இருந்தாலும் பாஸ்போட் உங்க கையில இருக்கணும், எத்தன பேருக்கு அது கையில இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இருக்கிற வேலைய ஒரு நாள் ட்ரிப்புக்காக சிக்கல்ல போடாதீங்க.

எங்க போனாலும் தண்ணி போத்தல் ரெண்டு, தொப்பி, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் கையில வச்சிக்கோங்க. தெரியாத பொம்பளைங்கள போட்டோ எடுக்காதீங்க, அங்க அது போலிஸ் வரைக்கும் போகும்.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே சித்தப்பா மக மெசேஜ் போட்டா, அல் குபைபால நிக்கிறாளாம், பஸ்ஸு இன்னும் பத்து நிமிசத்துல எடுத்துருவாங்களாம். நோல் கார்ட்ல வரவும் சேத்து காசு போட்டியான்னு கேட்டேன். ரெண்டு நீல டிக்கும் விழுந்திருக்கு, பதில் இல்ல.